மூன்றாம் நாள் லாரி

சமாதானம் ஏன் ஒவ்வொரு முறையும் சரியாக மூன்றாம் நாள் உடைகிறது என்று பரந்தாமனுக்குப் பிடிபடவே இல்லை.

சேக்காட்டில் அவருடைய தெரு பழையது, குறுகலானது. தெருக்கோடியில் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே இன்னும் குடிநீர் இணைப்பு வரவில்லை. தண்ணீர் லாரி தினமும் இந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு காலை லாரி நான்கு குடங்களை நசுக்கியது. யாரோ கல்லெறிந்து லாரிக் கண்ணாடி உடைந்தது. அன்று மாலையே இரு தரப்பு ஆண்களும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, லாரி காலை ஆறு மணிக்கு மெதுவாக வரலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் மறுபடி அடிதடி. மறுபடி மண்டபம், மறுபடி கையெழுத்து.

நான்காவது ஒப்பந்தமும் உடைந்த காலையில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மனோகரன் போன் செய்தார். "மன்னிச்சுக்கங்க சம்பந்தி. அந்தத் தெருவுக்குள்ள என் மருமகள அனுப்ப மாட்டேன்."

அந்த மருமகள் பரந்தாமனின் ஒரே மகள் தேவிப்பிரியா. அவளுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு நடத்தி அழைத்து வர வேண்டிய நேரம். அவள் வீடு இருநூறு அடி தூரத்தில், நான்காவது மாடியில். வேலை விட்டு வரும்போதெல்லாம் பரந்தாமன் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார். பால்கனியில் அவளுடைய பச்சை நைட்டி காய்ந்தால், நன்றாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வார்.

"அம்மா வெக்கிற கருவாட்டுக் கொழம்பு வாசனை இங்க வரிக்கும் வருதுப்பா" என்றாள் அவள் போனில்.

"ஆறு மணின்னு சொன்னோம், ஆறு மணிக்குத்தான வந்தான்? அப்புறம் இன்னாத்துக்குச் சண்டை?" என்று மனைவி தாட்சாயிணியிடம் புலம்பினார்.

"நீ அஞ்சுக்கே எஸ்டேட் கம்பெனிக்கு வேலைக்குப் பூடுற. ஆறு மணிக்குத் தெரு எப்டி கீதுன்னு உனுக்கு இன்னாயா தெரியும்? மூணு நாளிக்கு ஒருதபா கொழாயில தண்ணி வுடுறான். அன்னிக்குத் தெரு பூரா கொடந்தான்."

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"மண்டபத்துல எனுக்குச் சேர் போட்டியா நீ?"

பரந்தாமன் விரல்விட்டு எண்ணினார். குழாய் நாளில்தான் சண்டை வருகிறது. சண்டை வந்த அன்று மாலையே பேச்சு. அங்கிருந்து மூன்றாம் நாள் மறுபடி குழாய் நாள். ஒவ்வொரு ஒப்பந்தமும் தான் உடையும் நாளைக் குறித்துக்கொண்டுதான் தொடங்கியிருக்கிறது.

அன்று மாலை தாட்சாயிணியோடு மண்டபத்துக்குப் போனார். மனோகரனின் மனைவி சுதாவும் வர வேண்டும் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, தொணைக்கு ஊட்டுக்காரம்மாவா?" என்று ஒருவன் சிரித்தான்.

"ஆமாண்டா. நாலு தபா நம்ம பேசிக் கிழிச்சது போதும்."

தாட்சாயிணி குழாய்க் கணக்கைச் சொன்னார். மனோகரன் மறுத்துத் தலையை ஆட்டினார். "ஆறு மணிய விட்டா எங்களுக்கு வசதிப்படாதுங்க."

"யாருக்கு வசதிப்படாது?" என்றார் சுதா. "நீங்க எழுந்திருக்கிறதே ஏழு மணிக்கு. நம்ம தொட்டி ரெண்டு லோடு கொள்ளும். முந்தின நாள் சாயங்காலமே இன்னொரு லோடு இறக்கிட்டா மறுநாள் முழுக்கத் தாங்கும்."

"கொழா தண்ணி ஒருநாள் தள்ளிப்போச்சுன்னா?" என்று கேட்டார் தாட்சாயிணி.

"எனக்கு ஒரு போன் போடுங்க சம்பந்தியம்மா. லாரிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அடுத்த மூன்றாம் நாள் சத்தமில்லாமல் போனது. அதற்கடுத்ததும் அப்படியே. மனோகரனே போன் செய்தார்: "வெள்ளிக்கிழமை வளைகாப்பு வச்சுக்கலாம் சம்பந்தி. நாங்களே தெரு வழியா நடந்து கூட்டிட்டு வர்றோம்."

இப்போது நடைமுறை இதுதான். மற்ற நாட்களில் லாரி காலை ஆறு மணிக்கு வரும். குழாய் நாளுக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு இன்னொரு லோடு வரும். குழாய் நாளில் லாரி கிடையாது. தண்ணீர் வராமல் தள்ளிப்போனால் தாட்சாயிணி ஆறரைக்குள் சுதாவுக்கு போன் செய்வார். அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு லாரி வரும், மறுநாள் காலை வராது.