லிஃப்ட் குழிக்குள் கேட்ட கிரேக்கம்

1

நான் வாய் திறக்காததால்தான் இந்தக் கதையே பிறந்தது.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லிஃப்ட் பழுது. மூன்றாம் மாடியில் கதவு திறந்திருந்தது. உள்ளே, பெட்டியின் கூரைமேல் குந்தியபடி ஒரு மெக்கானிக் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு காதில் இயர்போன்.

"யா சு. போஸ் சே லேனே? மே லேனே..."

கிரேக்கம் என்றது என் செல்போனின் மொழிபெயர்ப்புச் செயலி. வணக்கம், உன் பெயர் என்ன, என் பெயர்... யாரிடம் சொல்வதற்கு என்று கேட்டிருக்கலாம். புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது. கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். கேட்காததால் நானே எழுதிப் பார்க்கிறேன்.

2

அன்று காலை வானம்...

(வேண்டாம். லிஃப்ட் குழியில் வானம் ஏது?)

அவர் வேலைக்காகக் கடல் தாண்டிப் போக...

(இதுவும் இல்லை. அந்தக் குரலில் இருந்த கூச்சம் வேலைக்காக வருவதல்ல.)

அவருக்கு ஒரு மகள். கிரேக்கம் பேசுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். "எனக்குப் பொண்ணே இல்ல" என்று இவர் சொல்லி ஏழு வருடமாகிறது. பேத்திக்கு ஆறு வயது. போன வாரம் மகள் அம்மாவிடம் ஸ்பீக்கர் போனில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீடியோல வர்றேன். பாப்பாவுக்குத் தமிழ் வராது. அப்பா அவகிட்ட ஒரு வார்த்தை பேசட்டும். இல்லன்னா இனி நான் கூப்பிடவே மாட்டேம்மா."

இவர் காதில் விழாததுபோல் எழுந்துபோனார்.

3

ஞாயிறு, நாலு மணி.

"ஏங்க இப்படி வேர்க்குது? உங்களையா பொண்ணு பாக்க வர்றாங்க?" என்றாள் மனைவி.

"சும்மா இருடி, மறந்துடும்."

திரையில் முன்பல் விழுந்த ஒரு முகம். இவர் மூச்சை இழுத்து ஆரம்பித்தார். வணக்கம், உன் பெயர் என்ன, என் பெயர் இன்னது, சந்தித்ததில் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. இயர்போனில் கேட்ட பாடத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டார். பாடத்துப் பெண்ணின் பெயர் உட்பட.

குழந்தை வாயைத் திறந்தபடியே இருந்தது.

"அப்பா," என்றாள் மகள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அவ பேசவேண்டியதையும் நீங்களே பேசிட்டீங்களேப்பா."

"கொஞ்சம் இடம் விடுங்களேன்," என்றாள் மனைவி.

"போஸ் சே லேனே?" என்றார் மறுபடியும். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார்.

4

எப்படி முடிப்பது?

(அ) குழந்தை தன் பெயரைச் சொல்கிறது; எல்லோரும் அழுகிறார்கள். ஏழு வருடம் அவ்வளவு மலிவா?

(ஆ) திரை உறைந்துபோகிறது. என் கோழைத்தனத்துக்கு நெட்வொர்க் மேல் பழி போடமாட்டேன்.

(இ) குழந்தை பெயரைச் சொல்லிவிட்டு, அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்கிறது.

"நீங்க யாருன்னு கேக்கறாப்பா," என்கிறாள் மகள். "சொல்லுங்க."

தாத்தாவுக்குக் கிரேக்கத்தில் பப்பூஸ். நான் அகராதியில் பார்த்துவிட்டேன். அவருடைய பாடத்தில் அந்தச் சொல் இல்லை. அதை எடுத்து அவர் வாயில் வைக்க எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் வைத்தால் அது நான் சொன்னதாகிவிடும்.

கையை வாயிலிருந்து எடுத்துவிட்டார். உதடு அசைகிறது. எந்த மொழியிலோ தெரியவில்லை. மகள் காத்திருக்கிறாள். நீங்களும் கொஞ்சம் பொறுங்கள், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.