கடைசி வரி விதி

கம்பியில் வராத எதையும் நான் நம்புவதில்லை. கம்பி என்றால் எங்கே அறுந்தது என்று விரலால் தடவிப் பார்க்கலாம். இண்டர்நெட்டை எங்கே தடவுவது?

ஆனால் மருத்துவமனைக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். அவர்களுடைய ஆறு லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் வேலை எங்களுக்கு வேண்டுமென்றால், லிஃப்ட்டுக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் இண்டர்நெட் வழியாக எங்கள் பட்டறையில் மணி அடிக்க வேண்டும். பதினோரு மணிக்கு அவர்களுடைய பொறியாளரே உள்ளே நின்று அமுக்குவார். அரை நிமிடத்துக்குள் ஒரு மனுஷக் குரல் பேசியாக வேண்டும். ஒரே தடவைதான்.

மகன் வெளியூரில் வேலை பார்த்து வைத்திருந்தான். இது கைக்கு வந்தால் போகமாட்டேன் என்றான். வராவிட்டால் அவனும் மருமகளும் அடுத்த வாரமே பெட்டி கட்டிவிடுவார்கள்.

மருமகள்தான் மேசைமேல் கையகலத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கேட்வே என்றாள். இண்டர்நெட்டில் வரும் ஃபோன் காலை வாங்கி எங்கள் பழைய ஃபோனுக்குள் தள்ளுமாம். எந்தக் கால் எங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரிவரியாக விதி எழுதினாள்.

"விதியை நீயே எழுதுறியா? அது மேல இருக்கறவன் வேலைன்னு நெனச்சேன்."

"இதுலயும் மேல இருக்கறதுதான் மாமா முக்கியம். மேலேருந்து படிச்சுக்கிட்டே வரும். எது மொதல்ல பொருந்துதோ அங்க அனுப்பிரும்."

ஒன்பதரைக்கு மகன் மருத்துவமனை லிஃப்ட்டில் ஏறிப் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். பட்டறை ஃபோன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அடுத்த நிமிடம் என் செல்ஃபோனில் வீட்டுக்காரி.

"உங்க மகனுக்கு என்ன ஆச்சு? வீட்டுக்கு ஃபோன் போட்டு, 'பட்டறையா'ங்கறான். பெத்தவ கொரல்கூடத் தெரியல."

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'எந்தக் கால் வந்தாலும் வீட்டுக்கு' என்று முந்தாநாள் சோதனைக்கு எழுதிய விதி முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது. வாசலிலேயே ஒருத்தன் எல்லாரையும் மடக்கினால் உள்ளே யார் வருவார்?

"அந்த வரியைத் தூக்கிப் போடு. உங்க அத்தை ஃபோன எடுத்தா, நல்லா இருக்கியான்னு கேக்கவே அரை நிமிஷம் ஆவும்."

"சரி மாமா."

மகன் மறுபடி அமுக்கினான். அப்போது அடித்தது பாருங்கள் மணி! மேசைமேல் கிடந்த ஸ்பேனர் அதிர்ந்தது. என் நெஞ்சும்தான்.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குது, கத்தாத," என்றேன். நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

பத்தே முக்கால் ஆயிற்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போது வந்தது சரி, இப்போது வருமா? ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். உயிர் இருந்தது. வைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எடுத்தேன்.

"எடுத்து எடுத்துப் பாக்காதீங்க மாமா."

"நாடி பாக்கறேம்மா."

"நாடி பாத்தே ஆளைக் கொன்னுராதீங்க."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கடைசியாக ஒரு தடவை என்று எடுத்தேன். அந்தக் கடிகாரம் பின்தங்கி ஓடும் என்பது பெட்டியில் பச்சை விளக்கு துடித்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

"வைங்க மாமா, கால் வந்துருச்சு!"

படாரென்று வைத்தேன். மணி அடிக்கவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. டூல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்தேன். மகனை நானே வெளியூருக்கு அனுப்பிவிட்டேன்.

மருமகள் திரையைப் பார்த்தபடி சொன்னாள். "யாரோ எடுத்துப் பேசிக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

"வீட்டுல."

"தூக்கிப் போடச் சொன்னேனே."

"சரின்னுதான் சொன்னேன். போடலை. கடைசி வரிக்கு எறக்கி வச்சேன். பட்டறை ஃபோன் பிஸின்னா அங்க போவட்டும்னு. உங்க கை சும்மா இருக்காதே மாமா."

அதற்குள் மகன் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

"அம்மாவாப்பா எடுத்தது? பொறியாளர் பொத்தான விட்டுக் கையக்கூட எடுக்கல, அதுக்குள்ள 'பயப்படாதீங்க, கதவத் தள்ளாதீங்க. எந்த லிஃப்ட்டு? எத்தனாவது மாடி? உள்ள எத்தனை பேரு?'ன்னு கேட்டாங்களாம். மனுஷன் நெசமாவே மாட்டிக்கிட்ட மாதிரி, 'நான் ஒருத்தன்தாம்மா'ன்னுருக்காரு."

அந்த மூன்று கேள்வியும் என்னுடையவை. முப்பது வருஷமாகச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு வீட்டு ஃபோனில் நான் கத்தியவை.

"வேலை?"

"உங்களைக் கையெழுத்துப் போட வரச் சொல்றாரு. நான் எங்கயும் போவலப்பா."

சட்டென்று எழுந்ததில் ஸ்பேனர் கீழே விழுந்தது. வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏண்டி, நல்லா இருக்கீங்களான்னு கேக்கலியா அவரை?"

"லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவனைப் பாத்து அதைக் கேப்பாங்களா? என்ன மனுஷன் நீங்க?"

வீட்டு வரியை ஒருபோதும் அழிக்கக் கூடாது என்று மருமகளிடம் சொன்னேன். "சரி மாமா," என்றாள். இந்தத் தடவை பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன்.