சிவப்பு ரெக்சின் அங்கி

சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் அன்வர் பாஷாவின் தையல் மெஷின் நின்றுவிடும். அதியமான்கோட்டை பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு சீட் தைக்கிற கடை அது. எந்த டிரைவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்த அரை மணி நேரம் அவருக்கு எட்டு வயது மகள் சமரீன்தான் முதலாளி. இருவரும் ரெக்சின் சுருள்மேல் உட்கார்ந்து, அலமாரியில் இருக்கும் சின்ன டிவியில் ‘இரும்புப்படை ஐவர்’ பார்ப்பார்கள்.

பொம்மை விற்பதற்கென்றே எடுத்த கார்ட்டூன் அது. ஐந்து ரோபோ வீரர்கள் தனித்தனியாகச் சண்டை போட்டு, முடியாதபோது ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே ராட்சசனாவார்கள். ஐந்து பொம்மையும் கடையில் கிடைக்கும் என்று பேர், ஆனால் தலைவன் வஜ்ரன் மட்டும் லேசில் கிடைக்க மாட்டான். போன ரம்ஜானுக்கு அன்வர் பாஷா சேலம் வரை போய்த் தேடி அவனை வாங்கி வந்தார். மிச்சம் விழுந்த சிவப்பு ரெக்சினில் அவனுக்கு ஓர் அங்கி தைத்து, உள்பக்கம் மஞ்சள் நூலில் ‘சமரீன்’ என்று பெயரும் போட்டுக் கொடுத்தார்.

“டிவில இவனுக்கு அங்கி இல்லையேப்பா?”

“டிவில இருக்கறவனுக்குத் தெச்சுக் குடுக்க ஆளில்ல கண்ணு. உனக்கு நான் இருக்கேன்ல.”

அப்படிச் சொன்ன மனிதர் மார்ச் மாதம் நெஞ்சு வலி என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவி வஹிதாவுக்கு அழவும் நேரமில்லை. கடை பஞ்சாயத்துக் கட்டடம். மாதக் கடைசிக்குள் வாரிசுச் சான்றிதழ் கொடுத்துப் பெயர் மாற்றாவிட்டால் வேறு யாருக்காவது ஏலம் போய்விடும். அவளுக்குத் தைக்கத் தெரியும். கடை கையில் இருந்தால் தாயும் மகளும் சோறு தின்னலாம், அவ்வளவுதான் கணக்கு. அதற்கு வருவாய் ஆய்வாளர் சந்திரமோகனின் ஒரு கையெழுத்து வேண்டும். நாலு தரம் நடந்தாள். “பாக்கறேன்மா, போயிட்டு வாங்க” என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஐந்தாவது தரம் பள்ளிக்கூடம் லீவு. சமரீனையும் கூட்டிப் போனாள். பிள்ளையின் கையில் வஜ்ரன். அதுவரை தலை நிமிராத சந்திரமோகன் அன்று நிமிர்ந்தார்.

“ஏம்மா, இது எங்க வாங்குனீங்க? எம் பையன்கிட்ட நாலு இருக்குது. இது ஒண்ணு கெடைக்காம வூட்டுல ஒரே ரகள.”

“இவங்கப்பா வாங்கியாந்ததுங்க சார்.”

“நல்லா இருக்குது.” கோப்பைத் திறந்தார், மூடினார். “நான் காசு பணம் கையால தொடமாட்டேன்மா. ஆபீஸ்ல யார வேணா கேட்டுப் பாருங்க. நாளைக்கு வாங்க, முடிச்சுடலாம்.”

சொல்லும்போது அவர் கண் பொம்மைமேலேயே இருந்தது. பணம் தொடாத புண்ணியவான்! ஏழைக்கு இந்தப் பாஷை உடனே புரிந்துவிடும், அதுதான் கொடுமை.

மறுநாள் காலையில் வஹிதா மகளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். சமரீனே பொம்மையை எடுத்து வந்தாள்.

“இதக் குடுத்தா அந்த சார் கையெழுத்துப் போடுவாரா அம்மி?”

“போடுவாருடா.”

“கடை நமக்கே இருக்குமா?”

“இருக்கும்.”

பிள்ளை பொம்மையைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. வஹிதா அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மூன்று வாரமாக நகராத கோப்பு அன்றைக்கே நகர்ந்தது, நாலாம் நாள் சான்றிதழும் வந்தது.

சந்திரமோகன் வீட்டில் அவர் மகன் மாதேஷ் ஐந்து பேரையும் பூட்ட உட்கார்ந்தான். வஜ்ரனின் அங்கி இடைஞ்சலாக இருந்தது. கத்தரியால் வெட்டி எடுத்தவன் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் ஓடி வந்தான்.

“சமரீன் யாருப்பா?”

“யாரோ. எதுக்கு?”

“கடையில புதுசா வாங்குனேன்னு சொன்னீங்க. பேர் தெச்சிருக்குது பாருங்க. அந்தப் பொண்ணுகிட்ட புடுங்கிட்டு வந்தீங்களா?”

“வாய மூட்றா” என்று அதட்டினார். அவன் மூடிக்கொண்டான். ஆனால் பொம்மைகளைப் பூட்டாமல் அப்படியே தரையில் விட்டுப் போய்விட்டான். சந்திரமோகன் வெட்டுப்பட்ட அங்கியை எடுத்துப் பார்த்தார். அந்த மஞ்சள் நூல் எழுத்து செத்துப்போன ஒருவனின் கை வேலை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொம்மையையும் வெட்டுப்பட்ட அங்கியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அவரைக் கண்டதும் வஹிதா பதறி எழுந்தாள்.

“சார், சர்டிபிகேட்ல ஏதாச்சும் தப்பாங்க?”

“இல்லம்மா. இதக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். இந்தா பாப்பா.”

சமரீன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாங்க சார். நான் வாங்கிக்கிட்டா நீங்க கையெழுத்த அழிச்சுடுவீங்க.”

“அழிக்க மாட்டேன் பாப்பா. சத்தியமா.”

அவள் நம்பவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தாள். தாயும் வாங்கிக்கொள் என்று சொல்லவில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டுங்க சார்” என்றாள் வஹிதா. “எங்களுக்குக் கடை போதும்.”

மணி ஐந்தரை. அலமாரியில் டிவி அணைந்தே கிடந்தது. வஹிதா உட்கார்ந்து மெஷினை ஓட்டத் தொடங்கினாள். சமரீன் அவளுக்கு நூல்கண்டை எடுத்துக் கொடுத்தாள். சந்திரமோகன் பொம்மையோடு திரும்பிப் போனார்.

வீட்டு வாசலில் மாதேஷ் காத்திருந்தான். அப்பாவின் கையில் பொம்மையைப் பார்த்தான்.

“குடுக்கலையா?”

“குடுத்தேன்டா. அது வாங்கல.” அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “காசு வாங்கலையே, பொம்மைதானேன்னு நெனச்சேன். சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய வேலைக்கு எத வாங்குனாலும் லஞ்சந்தான் மாதேசு. வாங்குனதத் திருப்பிக் குடுத்துடலாம்னு போனேன். எதையாச்சும் பறிகொடுத்தாதான் அரசாங்கத்துல கையெழுத்து கெடைக்கும்னு அந்த எட்டு வயசுப் புள்ளைக்கு நான் சொல்லிக் குடுத்துட்டேனே, அத எப்பிடிடா திரும்ப வாங்கறது?”