வரவேற்புரை கேட்காத மகள்

ஊரில் எந்த விழாவானாலும் மேடையில் முதலில் ஒலிபெருக்கி ஏறும், அடுத்து அவர் ஏறுவார். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் சபையைக் கட்டிப்போடுவார். விருந்தினர் வந்துவிட்டால் அவரையும் சேர்த்துக் கட்டிப்போடுவார். பிழைப்பு என்னவோ காப்பீட்டு முகவர் வேலைதான். ஆனால் அதைச் சொன்னால் அவருக்கு முகம் சுண்டிவிடும். பேச்சாளர் என்று சொல்ல வேண்டும். மேடையில் கொஞ்ச நேரம் மௌனம் விழுந்தால் ஒன்று மின்சாரம் போயிருக்க வேண்டும், அல்லது பேச்சாளர் போயிருக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த பொடிசு, அவர் வாயைத் திறந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

மனைவியின் அக்கா மகனுக்கு இருந்த மரபணுக் குறை பொடிசுக்கும் இருப்பது பிறந்த கொஞ்ச நாளிலேயே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. உட்காருவது, பேசுவது, பழகுவது எல்லாம் ஆற அமரத்தான் வரும், சத்தமும் ஆரவாரமும் கூடினால் குழந்தை தாங்காது, கைக்குழந்தையாக இருக்கும்போதே பழக்கத் தொடங்கினால் நல்லது என்றார் மருத்துவர். வாரம் ஒரு முறை பயிற்சி கொடுக்க ஒரு தெரபிஸ்ட் வீட்டுக்கு வரத் தொடங்கினாள்.

பெட்டி பெட்டியாகக் கருவிகள் வந்து இறங்கும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். அவள் பையிலிருந்து வந்தவை ஒரு துணிப் பந்தும் ஒரு மரக் கரண்டியும். சொல்லிக்கொடுத்ததும் அந்த அளவுதான். பொருளைக் காட்ட வேண்டும், வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். குழந்தை பார்த்தாலோ, கை நீட்டினாலோ, முனகினாலோ அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு உடனே பதில் கொடுக்க வேண்டும். குழந்தை முகம் திருப்பினால் விட்டுவிட வேண்டும். மனைவிக்கு இது இரண்டே நாளில் கைவந்தது. அவருக்கு முதல் விதியிலேயே மூச்சு முட்டியது.

குழந்தையோடு விளையாடுவதை ஐந்து நிமிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தாள் தெரபிஸ்ட். அவர் அனுப்பினார். தொடக்கத்தில் தங்க எழுத்தில் ‘தந்தையின் தாலாட்டு’ என்ற தலைப்பு, பின்னணியில் புல்லாங்குழல், நடுவில் அவர். “இல்லத்தின் ஒளிவிளக்கே, இதயத்தின் இளவரசியே, வருக வருக” என்று தொடங்கி, பந்து எங்கே என்று கேட்டு, இதோ இருக்கிறது என்று சொல்லி, தானே கைதட்டியும் முடித்திருந்தார்.

அடுத்த முறை வந்த தெரபிஸ்ட் அதை முழுவதும் பார்த்தாள். புன்னகையை அடக்கிக்கொண்டாள் என்பது அவருக்கே தெரிந்தது.

“புல்லாங்குழல் நல்லா இருக்கு சார். ஆனா கேள்வியும் நீங்களே கேக்குறீங்க, பதிலும் நீங்களே சொல்றீங்க, கைதட்டலும் உங்களோடதுதான். பாப்பாவுக்கு என்ன வேலை மிச்சம் வச்சிருக்கீங்க?”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் மனைவியிடம் முறையிட்டார். பெற்ற தகப்பனைப் பார்த்தால் மட்டும் ஏன் முகம் திருப்புகிறாள் என்று கேட்டபோது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. மேடைத் தழுதழுப்பு அல்ல, நிஜம்.

“உங்க கூட்டத்துல பாதியில எழுந்து போறவங்க இருக்காங்கல்ல? அவங்களுக்குக் கால் இருக்கு. இவளுக்கு இப்போதைக்குக் கழுத்துதான் திரும்புது” என்றாள் மனைவி. சொன்ன கையோடு அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறும் வைத்தாள்.

மறுநாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பொடிசு பந்தைப் பார்த்து “ம்” என்றது. அந்த ஒரு ‘ம்’முக்கு அவர் எழுந்து நின்று நன்றியுரை ஆற்றிவிட்டார். வீறிட்டு அழுத குழந்தையைச் சமாதானப்படுத்த மனைவி குளியலறையிலிருந்து தலையில் நுரையோடு ஓடி வந்தாள்.

பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை நேர வேலை. மதியம்வரை குழந்தை அவர் பொறுப்பு. அவளுக்குப் பிடித்த வேலை, அதற்காகப் படித்தவள். அன்று காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “சாப்பிடலைன்னா போன் பண்ணுங்க, வந்துடறேன்” என்றாள். ஒரு முறை போன் பண்ணினால் அவள் வருவாள், இரண்டாம் முறை பண்ணினால் வேலையை விட்டுவிடுவாள், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

சமையலறையில் பொடிசைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, படம் பிடிக்கச் செல்பேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து நிறுத்தி, வாழைப்பழத்தை மசித்தார். முதல் கரண்டிக்கு “அம்மாவின் செல்லமே” என்று ஆரம்பித்தார். முகம் சுவர்ப் பக்கம் போயிற்று. இரண்டாவதற்குப் பேசவில்லை, ஆனால் கரண்டியை வாயருகே துரத்திக்கொண்டு போனார். உதடு இறுகியது. கை போனை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

நாக்கோ சும்மா இருக்க மறுத்தது. வேறு வழியில்லாமல், குழந்தை கடிப்பதற்கென்று வைத்திருந்த கெட்டி பிஸ்கட்டை எடுத்துத் தன் வாய்க்கே அடைப்பாகக் கொடுத்தார். நேராகப் பார்த்தால் குழந்தைக்குக் கூச்சம் என்று தெரபிஸ்ட் சொன்னது நினைவு வர, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். பாதி பிஸ்கட் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு வரவேற்புரையாளர் மாதிரியே இல்லை, தபால்பெட்டி மாதிரி இருந்தார்.

அடுப்படியில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருடமாக அந்தக் குழாய் சொட்டுவதே அவருக்குத் தெரியாது.

சின்னக் கை ஒன்று வந்து பிஸ்கட்டைத் தொட்டது. பிறகு இழுத்தது. பிஸ்கட் ஒடிந்தது. பொடிசு கையில் இருந்த துண்டைப் பார்த்தது, அவர் வாயைப் பார்த்தது, “ப்ரூ” என்றது.

ஆயிரம் அடைமொழிகள் தொண்டைவரை வந்து நின்றன. வாய் நிறைய பிஸ்கட். “ப்ரூ” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது, தூள் பறந்தது. அவள் கண்கள் அவருடைய கண்களில் பட்டன. நிலைக்கவில்லை, பட்டுவிட்டு நழுவின. மறுபடி “ப்ரூ”. அவரும் “ப்ரூ”. கரண்டியைப் பாதி தூரம் கொண்டுபோய் நிறுத்தினார். துரத்தவில்லை. சற்றுப் பொறுத்து அவளே முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

வேலை இடைவேளையில் மனைவி போனில் கூப்பிட்டாள். “என்னங்க, சாப்பிட்டாளா? என்ன பண்றா?”

“அவளே கேட்டா. குடுத்தேன்.”

அவ்வளவுதான். இன்னும் பேச்சு வரும் என்று மனைவி காத்திருந்தாள். சொந்தக் கணவரின் தொலைபேசிப் பேச்சில் இப்படி ஓர் இடைவெளியை அவள் கேட்டதேயில்லை.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா? ஹலோ...”

லைனில்தான் இருந்தார். ஆனால் பொடிசின் கை வாழைப்பழக் கிண்ணத்தை நோக்கி அரைகுறையாக உயர்ந்துகொண்டிருந்தது. முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.