ஈரச்சுவரும் அக்காவின் இழுப்பறையும்

1

இந்தக் கதையில் பாதி, காது பரிசோதனைக்காக என் முறை வரக் காத்திருந்தபோது கிடைத்தது. உள்ளறைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வந்து சேரும். ஆட்களை அப்புறம் தேடிப் பிடிக்க வேண்டும். உள்ளே பேசியவர்கள் காதுக்கருவி பொருத்தும் பெண்ணும் அவள் அக்காவும். மீதிப் பாதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த மாலையில் அவள்... (வேண்டாம். நல்ல வெயில்.)

இரண்டாவது: கருவி மாட்டியிருந்த டிரம்ஸ்காரர் ஒருவர் கருவி பொருத்தும் அந்தப் பெண்ணிடம் வந்தார். அவருடையது மூன்று பேர் கொண்ட ராக் குழு. எந்தக் கம்பெனியும் இல்லாமல், நீர் கசியும் அடித்தள அறையில் தாங்களே பதிவுசெய்து தாங்களே வெளியிடுகிறார்கள். அதனால்தான் பெயர் 'ஈரச்சுவர்'.

"பேச்செல்லாம் நல்லா கேக்குது மேடம். எங்க கிட்டார்தான் தகர டப்பா மாதிரி இருக்கு."

"கிட்டாரே அப்படியோ என்னவோ?"

"நீங்களே கேட்டுப் பாருங்க."

கேட்டாள். அடுத்த ஆள் வெளியே காத்திருக்க, மூன்று முறை கேட்டாள். நீளமாக இழுத்த கிட்டார் சுரத்தைக் கருவி, தானே சில சமயம் போடும் விசில் சத்தம் என்று நினைத்து நறுக்கியிருந்தது. பேச்சுக்கு மட்டும் வைத்திருந்த அமைப்பைப் பாட்டுக்கும் சேர்த்து மாற்றினாள்.

அப்போதுதான் அவளுக்கு அக்கா நினைவுக்கு வந்தாள். இரண்டு வருஷம் முன்பு இவள் பொருத்திவிட்ட கருவியில் பாட்டெல்லாம் தகரமாக இருக்கிறது என்று அக்காவும் சொன்னாள். "பழகிடும்" என்று இவள் அனுப்பிவிட்டாள். கருவி இழுப்பறைக்குப் போனது. அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் அக்காவிடம் சிரிப்புதான் பதில்.

(டிரம்ஸ்காரர் மீது எனக்கே சந்தேகம், கதைக்கு ரொம்ப வசதியாக வந்து நிற்கிறார். ஆனால் அவள் மூன்று தடவை "அந்த மனுஷன் நல்லா இருக்கணும்" என்றது என் காதில் விழுந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

"அக்கா! ஒரு பாட்டு கேக்கறியா?"

"கத்தாதடி. ஊருக்கே கேக்குது, எனக்குத்தான் கேக்கல."

கருவியை மாட்டிவிடும் சத்தம். பிறகு தங்கை, தணிந்த குரலில்:

"தப்பு என்னோடதுக்கா. நான் பேசறது கேட்டா உனக்குப் போதும்னு நெனச்சிட்டேன்."

"நீ பேசறதக் கேட்டுத்தான் கழட்டியே வச்சேன்."

(இந்த வரி என்னுடையதல்ல. இதற்காகத்தான் கதையே.)

ஈரச்சுவரின் பாட்டு ஓடியது.

"நடுவுல யாரோ இருமறாங்களே?"

"எங்க?"

"கிட்டார் நிக்கிற எடத்துல."

"முப்பது தடவ கேட்டிருக்கேன். இருமலே இல்லக்கா."

"இருக்குடி. நல்ல காது உனக்கு! திரும்பப் போடு."

4

முடிவு ஒன்று: சனிக்கிழமை மதியம் ஈரச்சுவர் கச்சேரியில் அக்கா முன்வரிசையில்... (அளவுக்கு மீறிய இனிப்பு.)

முடிவு இரண்டு: வீடு திரும்பியதும் இழுப்பறை...

என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கைப்பையை மார்போடு அணைத்தபடி அக்கா என்னைக் கடந்து போனாள். தலைமுடி காதை மூடியிருந்தது. கருவி காதிலா பையிலா, தெரியவில்லை.

"உங்களுக்கும் கருவி வேணும்மா" என்றாள் அந்தப் பெண், சோதித்துவிட்டு.

"பாட்டுக்கும் சேர்த்தே வச்சுடும்மா" என்றேன்.

ஈரச்சுவரை நீங்களும் கேளுங்கள். மூன்றாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள். இருமல் இருக்கிறது, நானே கேட்டேன். அக்காவின் இழுப்பறையை மட்டும் என்னால் திறந்து பார்க்க முடியாது. கிட்டார் நிற்கும் இடம் வரும்போது, கருவி இன்னும் உள்ளே கிடக்கிறதா என்று நீங்கள் மனதுக்குள் திறந்து பாருங்கள்.