இன்ஜினியர் மிதிக்காத தரை

பூனைக்கு இன்ஜினியர் என்று பெயர் வைத்தது மேஸ்திரிதான். தரை பூசி ஈரம் காயுமுன் சரியாக வந்து நிற்கும். குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்க்கும். ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும். போனபிறகு எல்லாவற்றையும் இடித்துத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டான்.

அவன் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. இடிந்தது அவள் தரை.

கல்யாணமான நாள் முதல் அவள் அவனுக்குச் சித்தாள். மணல் சலிப்பாள், கலவை போடுவாள், சட்டியில் அள்ளித் தலையில் தூக்குவாள். பூசுவது அவன். ஊரார் வீட்டுச் சிவப்புத் தரைகளில் முகம் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, சட்டியைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள். இப்போதுதான் சொந்தமாக ஓர் அறையும் அடுப்படியும் எழும்பியிருந்தன. தனக்கும் அப்படி ஒரு தரை வேண்டும், அதில் ஒரு கீறல் இருக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

முதல் முறை பூசியபோது இன்ஜினியர் ஜன்னல் வழியாக இறங்கி, மூலைக்கு மூலை நடந்து, நடுவில் படுத்துப் புரண்டு, எழுந்து போய்விட்டது. கதவும் ஜன்னலும் இன்னும் மாட்டவில்லை. தச்சன் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான். சாக்குத் தொங்கவிட்டால் பூனை சாக்குக்கு அடியில் நுழைந்தது. பூசியதை எல்லாம் கொத்தி எடுத்ததில் அவள் கைக்காய்ப்பு பிய்ந்து சதை தெரிந்தது.

பக்கத்துச் சுவரை ஒட்டி இஸ்திரிக்கடை. பூனைக்குப் பால் ஊற்றுவது இஸ்திரிக்காரன். நேரே அவனிடம் போனாள்.

"ஒன் பூனைய கட்டிப் போடு தம்பி."

"என் பூனை இல்லக்கா அது. வரும், பாலு குடிக்கும், போயிடும். அவ்வளவுதான் பழக்கம்."

"பாலு ஊத்துறவன்தான் சொந்தக்காரன்."

"பூனைய யாராச்சும் கட்டிப் போடுவாங்களா? ஆரஞ்சுத் தோலு போட்டுப் பாருங்க. அந்த வாசம் அதுக்கு ஆவாது. அது போற எடம்லாம் ஊருக்குச் சொந்தம், நீங்கதான் ஒங்க எடத்தப் பாத்துக்கணும்." சொல்லிவிட்டு ஒரு சட்டையின் காலரை அமுக்கித் தேய்த்தான்.

பழக்கடை வாசலில் கிடந்த ஆரஞ்சுத் தோலை அள்ளி வந்து அறையில் போட்டுப் பார்த்தாள். இன்ஜினியர் அதைக் காலால் தட்டித் தட்டி ஒரு மணி நேரம் பந்து விளையாடியது. வினிகரில் நனைத்த துணியை ஜன்னலில் தொங்கவிட்டாள். பூனை வந்தது. மேஸ்திரிதான் அந்த நெடியில் சோறு இறங்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனான். டீக்கடையில் கேட்டு வாங்கிய காப்பித்தூள் சக்கையை வாசலில் கொட்டினாள். தோண்டுவதற்குத் தோதாக இருந்திருக்க வேண்டும். பூனை அதில் குழி பறித்து, தன் காரியத்தை முடித்து, நாகரிகமாக மூடிவிட்டுப் போனது.

கடைசியில் மளிகைக்கடைக்காரர் புழுத்துப்போனது என்று ஒதுக்கிய மிளகாய் வற்றலை வாங்கி, காயவைத்து இடித்தாள். இடிக்கும்போது மூக்கில் வழிந்ததைப் பார்த்து, இது வேலை செய்யும் என்று நம்பிக்கை வந்தது. சமையல் டப்பாவில் வைத்தால் மறதியில் குழம்பில் போட்டுவிடுவோமோ என்று பயம். தரைக்குப் போடும் சிவப்புக் கலர் பொடி வந்த காலி டப்பா ஒன்று கிடந்தது. அதில் கொட்டி மூடினாள்.

மறுபடி பூசும் நாள் காலையில் ஜன்னல் விளிம்பில் மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டு, டப்பாவை வாசலை ஒட்டிய மாடக்குழியில் வைத்தாள். வாசலில் கடைசியாகத் தூவிக்கொள்ளலாம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள்.

மேஸ்திரி உள்சுவரிலிருந்து பூசிக்கொண்டே பின்வாங்கி வாசலுக்கு வந்தான். இன்னும் ஒரு முழம் பாக்கி. கலர் தீர்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மாடக்குழியில் இன்னொரு டப்பா, அதே படம் ஒட்டியது, பாதிக்கு மேல் இருந்தது. நம்ம ஆளுக்கு எவ்வளவு முன்யோசனை என்று மெச்சிக்கொண்டே சிமெண்டில் வேண்டிய மட்டும் கொட்டிக் கையால் பிசைந்தான். பூசினான். தும்மினான். மறுபடி தும்மினான். கண்ணில் தண்ணீர் வழிய, புறங்கையால் துடைத்தான்.

அவள் குடத்தோடு ஓடி வந்தாள். "என்னய்யா ஆச்சு?"

"கலரு காந்துதுடி! கலப்படம் பண்ணிட்டானுங்க, பாவிப் பசங்க!"

"எந்த டப்பா?"

"மேல இருந்த டப்பா!"

"யோவ், அது பூனைக்கு வச்ச மிளகாப்பொடி!"

"பூனைக்கு வச்சத எவளாச்சும் கலர் டப்பால வைப்பாளா?"

"சோத்து டப்பால வச்சா கொழம்புல போட்ருவேனோன்னுதான் இதுல வச்சேன்!"

"கொழம்புல போட்டிருந்தா ஒரு வேளையோட போயிருக்கும்டி!"

குடத்துத் தண்ணீர் முழுவதையும் அவன் முகத்தில் ஊற்றினாள். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கை எரிச்சலில் பூச்சுக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை.

"போச்சு," என்றான். "இப்ப தேய்ச்சு மெருகு ஏத்தலன்னா இறுகிப் போயிடும். திரும்ப இடிக்க வேண்டியதுதான்."

அவள் அறையைப் பார்த்தாள். வாசல் ஓரத்து ஒரு முழம்தான் கெட்டுப்போயிருந்தது. அதைத் தாண்டி மற்றதெல்லாம் ஈரமாக, சிவப்பாக, சொரசொரப்பாகக் கிடந்தது. இன்னொரு முறை கொத்த அவள் கையில் சதை இல்லை. பலகையைக் குறுக்கே போட்டாள். அதன் மேல் மண்டியிட்டாள். கரண்டியை எடுத்தாள்.

வெளியே ஈரத்துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குச் சத்தம் கேட்டது. "ஏ சித்தாளு, கரண்டியா எடுத்திருக்க? படுக்க வைக்காத, நுனியத் தூக்கிப் புடி!"

"நீ வாய மூடிட்டு கெட."

"பாக்குறதும் பூசுறதும் ஒண்ணாடி?"

"மணலு நான் சலிச்சேன், கலவ நான் போட்டேன். தடவுறது மட்டும் என்ன பெரிய வித்த?"

வித்தைதான். முதல் இழுப்பில் கரண்டி கலவையை வாரிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிரவி, அழுத்தத்தைக் குறைத்தாள். மூன்றாவது இழுப்பில் தரை வழுக்கிக் கொடுத்தது. பிறகு முதுகு வலித்ததே தவிரக் கை தடுமாறவில்லை.

மெருகு பாதி ஏறியபோது வாசலில் இன்ஜினியர் வந்து நின்றது. கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. விரட்டினால் உள்ளேதான் ஓடும். பூனை மிளகாய் பூசிய ஓரத்தில் கழுத்தை நீட்டி மோந்தது. காதைப் பின்னால் மடக்கியது. ஒரு தும்மல் போட்டது.

"யாரு தும்முனது?" என்றான் மேஸ்திரி, துணிக்கு அடியிலிருந்து.

"இன்ஜினியரு."

"என்ன சொல்றாரு?"

பூனை வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தது. "பாத்துட்டு போயிட்டாரு. கொற ஒண்ணும் சொல்லல."

அடுத்த நாள் மேஸ்திரிக்குக் கண் திறந்தது. தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தான். எழுந்து மட்டப்பலகையை வைத்துப் பார்த்தான். அவள் அடுப்படியில் நின்று, எதையும் பார்க்காதவள் மாதிரிப் பாத்திரம் தேய்த்தாள்.

"அந்த மூலையில ஒரு கோடு கெடக்கு," என்றான்.

"கெடக்கட்டும்."

மட்டப்பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தான். "நான் தேய்ச்சிருந்தா ரெண்டு கெடந்திருக்கும்."

அவள் பாத்திரத்தை இன்னும் பலமாகத் தேய்த்தாள்.

வாசல் ஓரம் வறுத்த மாவு போல உதிர்ந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, டப்பாவில் மீந்த மிளகாய்த் தூளில் கொஞ்சம் எடுத்து வாசப்படியில் கோடு போட்டாற்போல் தூவினாள். அவன் கடைக்குப் போய்க் கலர் வாங்கி வந்து, அவள் மோந்து பார்த்த பிறகே சிமெண்டில் கொட்டினான்.

"கலவ கொண்டா!" என்று குரல் கொடுத்தாள். அவன் சட்டியைத் தூக்கி வந்தான்.

"பாதி சட்டிதான் இருக்கு. தூக்குறதுக்கு வலிக்குதா?"

"ஒரே நாள்ல மேஸ்திரி ஆயிட்டா பாரு," என்று முனகிக்கொண்டு அவன் திரும்பப் போனான்.

அவள் கடைசி இழுப்பு இழுத்து நிமிர்ந்தபோது இஸ்திரிக்காரன் படிக்கு வெளியே நின்றான். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. முன்பக்கம் முழுக்கப் பூனை மயிர்.

"நேத்துலேருந்து நம்ம கடையிலதான்க்கா படுத்திருக்கு. மடிச்சு வச்ச துணி மேலயே. ஒங்க வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேங்குது."

"அது போற எடம்லாம் ஊருக்குச் சொந்தம் தம்பி. நீதான் ஒன் எடத்தப் பாத்துக்கணும்."

அவன் தலையைச் சொறிந்தான். மாடக்குழியை எட்டிப் பார்த்தான். "நேத்து சண்ட போட்டீங்களே, அந்த டப்பால மிச்சம் எதுவும் இருக்காக்கா?"

"இருக்கு," என்றாள் அவள். கரண்டியைத் தரையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "எது வேணும், காரமா கலரா?"