உடைப்பு இல்லை, தமிழ்நிலா ஓடுகிறாள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஐப்பசி மாத விடியற்காலையில், லுங்கியை மடித்துக் கட்டி, கையில் மண்வெட்டியோடு, குடமுருட்டி ஆற்றுக் கரையில் ஊரோடு ஊராக ஓடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில், மழைக்காலத்தில் கரை மேல் ஒரு ஆள் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ கரையில் உடைப்பு எடுத்துவிட்டது. ஏன் ஓடுகிறாய் என்று யாரும் நின்று கேட்பதில்லை. கேட்கிற நேரத்தில் தண்ணீர் சம்பா நடவில் ஏறிவிடும். மண்வெட்டியை எடு, சாக்கை எடு, பின்னாலேயே ஓடு.

அன்றைக்கு ஓடியது வீரையன் மகள் தமிழ்நிலா. அதை முதலில் பார்த்தது அமிர்தலிங்கம். வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றவன், நுரையைத் துப்பாமலே "உடைப்பூ!" என்று கத்தினான். அவ்வளவுதான், தெரு காலியாகிவிட்டது.

அவள் காதில் பாட்டு மாட்டியிருந்தாள். எங்கள் சத்தம் கேட்கவில்லை. அவள் ஓடினாள், நாங்கள் ஓடினோம். திடீரென்று வேகமெடுத்தாள். "பெரிய உடைப்புடா டேய்" என்று யாரோ சொல்ல நாங்களும் வேகமெடுத்தோம். மதகுக்கிட்ட போய்த் திரும்பினாள் பாருங்கள், எதிரே பாதி ஊர் மண்வெட்டியோடு வருகிறது. குத்துச்சண்டைக்காரி அல்லவா, இரண்டு முஷ்டியையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஊரே மண்வெட்டியோட தொரத்துனா நான் என்னண்ணே நெனைக்கிறது?" என்று பிறகு என்னிடம் கேட்டாள். ஊர் அவளிடம் கேட்டது வேறு: "உடைப்பு எங்கம்மா?" "உடைப்பா? நான் எக்ஸர்சைஸ் பண்றேன்."

எல்லோரும் அவரவர் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டோம்.

2

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எனக்கு உரக்கடை வைத்திருப்பது தொழில், கதை எழுதுவது வியாதி. இரண்டாவது சொன்னது என் வீட்டுக்காரி பிரகதாம்பாள்.

தொடக்கம் ஒன்று: "இருள் பிரியாத வேளை. பச்சை வயல்களின் நடுவே ஒரு தனி உருவம்..."

[அடித்துவிட்டேன். தனி உருவமா? பின்னால் பாதி ஊர் ஓடியது.]

தொடக்கம் இரண்டு: "அவள் கைகளில் நெருப்பு..."

[கையில் இருந்தது செல்போன்.]

தொடக்கம் மூன்று: "குழந்தைப் பருவம் முதலே தமிழ்நிலாவின் கனவெல்லாம் குத்துச்..."

[பொய். காலேஜில் என்.சி.சி.யில் இடம் இல்லை என்றார்கள். பக்கத்து வரிசை சின்னதாக இருந்தது, அதில் போய் நின்றாள். அது குத்துச்சண்டை வரிசை.]

சரி, ஜோடனையை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்கிறேன். தமிழ்நிலாவுக்குக் கை நல்ல கை. அமெச்சூர் போட்டியில் மூன்று ரவுண்டு. முதல் ரவுண்டு அவளுடையது, இரண்டாவதும் அவளுடையது. மூன்றாவதில் மூச்சு போய்விடும், கை இறங்கிவிடும், எதிராளி வந்து அடித்துவிட்டுப் போவாள். இரண்டு வருஷம் இதே கதைதான். தஞ்சாவூர்க் கோச் ஜாஃபர் சாதிக் சொல்லிவிட்டார்: "இனிமே பையில குத்துனது போதும்மா. ஓடு."

வீரையனும் சொல்லிவிட்டார். அவர் அதிகம் பேச மாட்டார், எல்லாவற்றுக்கும் சிரிப்பார். அன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "இந்தத் தடவையும் மூணாவது ரவுண்டுல மூச்சு வாங்கி நின்னின்னா, கிளவுஸக் கழட்டி வச்சுட்டு பி.எட். சேந்துடணும், சரியா?" அவளும் சரி என்றிருக்கிறாள். கார்த்திகையில் தஞ்சாவூரில் மாவட்டத் தேர்வு. அதற்குள் மூச்சைச் சேர்க்க வேண்டும். சேர்க்க இருந்த ஒரே இடம் இந்தக் கரை. தார்ச் சாலையில் கதிர் அறுக்கும் மெஷினும் மணல் லாரியும் போக, மனுஷர் ஓட இடம் ஏது?*

* வயல் வரப்பில் ஓடலாமே என்று சென்னையிலிருந்து என் மச்சான் கேட்டான். மழைக்கால வரப்பில் நடந்து பார்த்தவன் கேட்கிற கேள்வி இல்லை அது.

3

மறுநாள் பாசனதாரர் சங்கத் தலைவர் குஞ்சிதபாதம் பஞ்சாயத்து வைத்தார். எழுபதைத் தொட்டவர். தண்ணீர் விஷயத்தில் ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"அறுவடை முடியிற வரைக்கும் கரையில யாரும் ஓடப்படாது. நடக்கலாம்."

"நடந்தா மூச்சு வராது தாத்தா."

"நீ ஓடுனா எங்களுக்கு மூச்சு வாங்குதேம்மா!"

கடைசியில் ஒரு வழி சொன்னார். அவள் ஓடலாம், ஆனால் முன்னால் ஒரு ஆள் சத்தம் போட்டுக்கொண்டே போக வேண்டும். யார் போவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இவருதான் இதக் கதையா எழுதறேன்னு அலையிறாரு. மொபெட்டும் இருக்கு, தொண்டையும் இருக்கு" என்றான் அமிர்தலிங்கம். அவன் "உடைப்பூ" என்று கத்தியதைக் கதையில் போடுவேன் என்று சொல்லியிருந்தேன், பழி தீர்த்துக்கொண்டான் சண்டாளன்.

ஆக, மறுநாளிலிருந்து விடியற்காலையில் நான் மொபெட்டில் முன்னால் போகிறேன். "உடைப்பு இல்ல! தமிழ்நிலா ஓடுது! உடைப்பு இல்ல! தமிழ்நிலா ஓடுது!" பின்னால் அவள்.

மெதுவாக நெடுந்தூரம் ஒரு நாள். மறுநாள் கரண்டுக் கம்பத்துக்குக் கம்பம் விட்டு விட்டு வேகம். ரவுண்டு என்றால் அப்படித்தானாம், பாய்ந்து அடித்து, ஒதுங்கி, மறுபடி பாய வேண்டும். சில நாள் பின்னோக்கி ஓடுவாள், காற்றில் குத்துவிட்டபடி. "யாரும்மா அது, யாரைக் குத்துற, சொல்லு, நான் கேக்கிறேன்" என்று வயலிலிருந்து அம்சவல்லி அக்கா எழுந்து வந்துவிட்டார்.

என் பாடு அதைவிட மோசம். "ஒரு பொம்பளப் புள்ளைய மூச்சிறைக்க ஓட விட்டுட்டு, நீ காலை நீட்டி வண்டியில போறியே, மனுஷனாய்யா நீ? ஏத்திக்கிட்டுப் போயேன்யா!" இதைச் சொல்லாத ஆள் அந்தக் கரையில் கிடையாது.

4

கோச் சொன்ன இன்னொரு விஷயத்தை இங்கே சேர்க்க வேண்டும், முன்னாலேயே சேர்த்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். [திருத்தும்போது மேலே தூக்கிப் போடலாம். போடவில்லை என்றால் நான் சோம்பேறி என்று வைத்துக்கொள்ளுங்கள்.] மெதுவாக ஓடுகிற நாளில், ஓடிக்கொண்டே பேச முடிய வேண்டுமாம். பேச முடியாவிட்டால் மூச்சு இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். ஆகவே அவளைப் பேச வைக்கும் வேலையும் எனக்கு. வேறு என்ன பேசுவேன்? கதையைச் சொன்னேன்.

முதல் வாரம், "எப்படி இருக்கு நிலா?" என்றால், "ம்" என்பாள்.

பிறகு, "சுமார்ண்ணே" என்றாள்.

இன்னும் கொஞ்ச நாள் போனதும், "அந்த எடம் நீளம்ணே, வெட்டுங்க" என்றாள். மூச்சு கூடக் கூட அவளுடைய விமர்சனமும் நீண்டது. எனக்குச் சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா என்று தெரியவில்லை.

ஒரு நாள் முடிவைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். விடியற்காலை, அவள் ஓடுகிறாள், நிஜமாகவே கரை உடைகிறது, அவள்தான் முதலில் பார்க்கிறாள், போட்டிக்காகச் சேர்த்த மூச்சையெல்லாம் கூட்டி ஊருக்கு ஓடி வந்து சொல்லி, பயிரைக் காப்பாற்றுகிறாள். போட்டிக்குப் போகும் பஸ்ஸைத் தவற விடுகிறாள். ஊரே கண்ணீர்.

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. வண்டியை நிறுத்தித் திரும்பினேன்.

"ஏண்ணே, நான் ஓடுறது எதுக்கு?"

"போட்டிக்கு."

"அப்புறம் எதுக்கு உங்க கதையில நான் ஊருக்காக ஓடுறேன்? நம்மூர்ல எத்தன ஆம்பளைங்க வாலிபால் ஆடுறாங்க. அவங்க பந்து போயி ஏதாவது மடைய அடைக்குதா? ஒரு பொம்பள ஓடுனா மட்டும் அதுல யாருக்காச்சும் பிரயோஜனம் இருக்கணுமா? எனக்காக ஓடுறேண்ணே. எனக்கே எனக்காக. அது பத்தாதா உங்க கதைக்கு?"

இவ்வளவையும் இடையில் மூச்சு வாங்காமல் சொன்னாள். அதை நான் அப்புறம்தான் கவனித்தேன். அப்போது மூஞ்சி சுருங்கிப்போய், "வாசகருக்கு ஒரு இது வேணுமேம்மா" என்றேன்.

"ஒரு நாளாவது ஓடிப் பாத்திருந்தா இப்படி எழுத மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி ஓடினாள். நான் "உடைப்பு இல்ல" என்று கத்தியபடி பின்னால் போனேன். வரிசை மாறிவிட்டது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

5

அந்த முடிவைக் கிழித்துவிட்டேன். மாற்று முடிவுகள்:

அ. ஜெயிக்கிறாள். மாலை, வேட்டு. [பிளக்ஸ் போர்டில் என் படமும் வரும். வேண்டாம்.]

ஆ. தோற்கிறாள், ஆனால் மனதளவில் ஜெயிக்கிறாள். [இதைச் சொன்னால் அந்தக் கையாலேயே எனக்கு ஒன்று விழும்.]

இ. நடந்ததை எழுதிவிடுவது.

இ-யை எடுத்துக்கொள்கிறேன். இதிலும் உடைப்பு வருகிறது. சத்தியமாக நான் வரவழைக்கவில்லை, மழை வரவழைத்தது.

போட்டிக்கு முந்தின நாளே தமிழ்நிலாவும் வீரையனும் தஞ்சாவூர் போய்விட்டார்கள். போட்டியன்று காலை பஸ்ஸைப் பிடித்துப் போய், மூன்றாவது ரவுண்டைக் கண்ணால் பார்த்து எழுதுவதாக நான் திட்டம் வைத்திருந்தேன். விடியும்போது கரையில் தடதடவென்று ஓடும் சத்தம். தெருவில் ஒருவரும் அசையவில்லை. "தமிழ்நிலா ஓடுது" என்று திரும்பிப் படுத்தது ஊர். முன்னால் போய்ச் சத்தம் போட வேண்டியவனே நான் என்பதுகூடத் தூக்கக் கலக்கத்தில் தோன்றாமல் நானும் படுத்தேன்.

பிரகதாம்பாள்தான் எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணு நேத்தே போயிடுச்சே. அப்ப ஓடுறது யாரு?"

ஓடியது குஞ்சிதபாதம். எழுபது வயதில் வேட்டி அவிழ, "உடைப்புடா, பாவிங்களா, நிஜ உடைப்புடா!" என்று கத்திக்கொண்டே.

மதகுக்குக் கீழே வாய்க்கால் கரை வாயைத் திறந்துகொண்டிருந்தது. மூங்கில், வைக்கோல், மண் மூட்டை, சாயங்காலம் வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். பயிர் தப்பியது. அதற்கு யாரும் கதாநாயகி இல்லை, எல்லோருக்கும் இடுப்பு வலிதான். ஆனால் தஞ்சாவூரில் தமிழ்நிலா குத்துச்சண்டை மேடையில் ஏறி இறங்கியதை எங்கள் ஊரில் ஒரு ஜீவனும் பார்க்கவில்லை.

சாயங்கால பஸ்ஸில் வந்து நேரே கரைக்கு வந்தாள். நான் கீழே தண்ணீரில் கடைசி மூட்டையை மிதித்துக்கொண்டிருந்தேன். மேலே கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டது. ஏதோ சொன்னாள். மழையில் எனக்குக் கேட்கவில்லை. வழுக்கி வழுக்கி மேலே ஏறி, "என்னாச்சு நிலா?" என்றேன்.

கூட்டம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் புருவம் வீங்கியிருந்தது.

"உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேண்ணே. ஊர்ல யாரும் சொல்லவும் கூடாது, சத்தியம் வாங்கிட்டேன். தெரியணும்னா நாளைக்கு என்கூட ஓடி வாங்க. வண்டி இல்லாம. ஓடிக்கிட்டே கேளுங்க, ஓடிக்கிட்டே சொல்றேன்."

6

பத்திரிகையில் பார்த்தேன், அந்தப் போட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. வீரையனைக் கேட்டேன், சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, முன்பே சொல்லியிருக்கிறேன். அமிர்தலிங்கத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டான். பிரகதாம்பாளுக்குத் தெரியும். "சத்தியம் பண்ணிருக்கேங்க" என்கிறாள். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சத்தியம் பண்ணியதில்லை.

வேறு வழியில்லாமல் ஓடினேன்.

மழைவிட்ட காலை. அவள் முன்னால், நான் பின்னால். முதல் கம்பம் வரை நான் ஒரு வீரன். இரண்டாவது கம்பத்தில் தொப்பை தனியாக ஓடியது. மூன்றாவதில் கண்ணில் பூச்சி பறந்தது. மூன்றாவது ரவுண்டு என்றால் என்ன என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. கை தானாகவே இறங்கிவிடுகிறது ஐயா!

அவள் திரும்பி, என்னைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடினாள். "கேளுங்கண்ணே."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"மூணாவது ரவுண்டு பத்தித்தானே? கேளுங்க, சொல்றேன். கேட்டாத்தான் சொல்வேன். அன்னைக்கு எதிர்ல நின்ன பொண்ணு உயரம்ணே, கையும் நீளம். ஜாஃபர் சார் என்ன சொன்னாருன்னா..." பேசிக்கொண்டே போனாள், பின்னோக்கி ஓடியபடியே, ஒரு இடத்தில்கூட மூச்சு தட்டாமல். ஐப்பசியில் "ம்" மட்டும் சொன்ன பெண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூச்சு இருந்ததா என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஜெயித்தாளா என்பதை நான் கேட்டாக வேண்டும், கேட்க என்னிடம்தான் மூச்சு இல்லை.

அப்போதுதான் தெருமுனையில் அமிர்தலிங்கம் பிரஷ்ஷோடு வந்தான். கரையில் அவள் ஓடுவதைப் பார்த்தான், அது பழக்கம். பின்னால் நான் ஓடுவதைப் பார்த்தான். பாவம், அவன் என்ன செய்வான்? நான் ஓடி இந்த ஊர் பார்த்ததே கிடையாது.

"உடைப்பூ!"

மண்வெட்டிகள் புறப்பட்டன. முதல் ஆளாக என் வீட்டுக்காரி.

தமிழ்நிலா இரண்டு கையையும் வாயருகே குவித்து, கரை அதிரக் கத்தினாள்: "உடைப்பு இல்ல! அண்ணன் ஓடுது!"

இதுவரைதான் என்னால் எழுத முடிந்தது. தினமும் ஓடுகிறேன், கேள்வி இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை. முடிவு தெரிய வேண்டும் என்றால் வாருங்கள். திருக்காட்டுப்பள்ளியில் இறங்கி யாரைக் கேட்டாலும் கரைக்கு வழி சொல்வார்கள். விடியும்போது ஓடிக்கொண்டிருப்பாள். மதகு வரைக்கும் கூடவே ஓடி, மூச்சு மிச்சமிருந்தால் கேளுங்கள், உங்களுக்குச் சொல்லுவாள். தயவுசெய்து வண்டியில் மட்டும் வந்துவிடாதீர்கள்.